அவருக்கும் வயது வந்துவிட்டது

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தை நாம் ஒரு புதுமையின் வரலாறாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர், சேறு பூசப்பட்ட கண்கள், சிலோவாம் குளம், பார்வை. தவக்கால ஞாயிறொன்றில் அவ்வாசகத்தைக் கேட்கும்போது, பார்வை கிடைத்த இடத்திலேயே நமது கவனமும் நின்றுவிடுகிறது. ஆனால், அந்த அதிகாரத்தில் 41 வசனங்கள் உள்ளன. புதுமையோ முதல் ஏழு வசனங்களுக்குள் நிறைவுற்றுவிடுகிறது. எஞ்சிய 34 வசனங்களும் எதைப் பற்றியவை என்று, அன்பார்ந்த வாசகர்களே, என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

அவை ஒரு விசாரணையைப் பற்றியவை. அவர் எதிரில் நிற்கும்போதே அயலவர்கள் அவரைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். பரிசேயர் தமக்குள் வாதிடுகிறார்கள். பின்னர் அவருடைய பெற்றோரை அழைத்து விசாரிக்கிறார்கள். பெற்றோரோ, மகன் வயது வந்தவன் என்றும், அவனைப் பற்றி அவனிடமே கேட்கும்படியும் கூறி ஒதுங்கிவிடுகிறார்கள். தொழுகைக்கூடத்திலிருந்து தள்ளிவைக்கப்படுவோமோ என்ற அச்சத்தில் பிறந்த மறுமொழி அது. நற்செய்தியாளர் அதை மறைக்கவுமில்லை. ஆயினும், அம்மனிதரைப் பற்றி அன்று பிறர் சொன்னவற்றுள் அதைவிடச் சரியான சொல் வேறில்லை. அதன்பின் அவர் தாமே பேசுகிறார். கற்றறிந்தோரின் முகத்துக்கு நேரே, சற்று நகைச்சுவையோடும் கூட. கடைசியில் அவரை வெளியே தள்ளிவிடுகிறார்கள். தள்ளப்பட்டவரைத் தேடி இயேசு வருகிறார்.

நமது ஊர்களில் இவ்விசாரணை இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வைத்தியசாலைக் கிளினிக்கில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் முப்பது வயது மகனின் பெயரை, அவர் காதுபடவே தாயிடம் கேட்கிறார்கள்: "அம்மா, தம்பிக்கு என்ன பேர்? என்ன வருத்தம்?" வங்கியிலும் பிரதேச செயலகத்திலும் இதே கேள்வி. ஆலயத்திலும் நற்கருணை வரிசை நெருங்கும்போது, "தம்பி நன்மை வாங்குவாரா?" என்று தாயின் முகத்தைப் பார்த்தே கேட்கிறோம். தம்பிக்கு நாவும் உண்டு, விருப்பமும் உண்டு என்பது நமக்குத் தோன்றுவதில்லை. பேச முடியாதவராயின், தலையசைக்கவோ விரலால் காட்டவோ அவருக்கு ஒரு நிமிடம் கொடுப்பதற்கும் நமக்குப் பொறுமையில்லை.

யார் செய்த பாவம் என்ற சீடர்களின் கேள்வியும் நம்மை விட்டு அகலவில்லை. எவரும் செய்த பாவமல்ல என்று ஆண்டவர் மறுத்து ஈராயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும், அக்காவுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகின்ற நாளில் தம்பியைப் பின்னறையில் இருத்திவைக்கும் வழக்கம் கத்தோலிக்க வீடுகளிலும் உண்டு. கொடுமை செய்யும் எண்ணத்தில் எவரும் அப்படிச் செய்வதில்லை. சம்பந்தம் தட்டிப்போகுமோ என்ற பயந்தான். அன்றைய பெற்றோரின் பயத்துக்கு இது உறவுமுறையானது.

உடலில் அல்லது அறிவில் ஏற்பட்ட குறைபாடு ஒன்று; அதனால் ஒருவர் முடங்கிப் போவது வேறொன்று. இவ்வேறுபாட்டை நமக்கு விளக்கிச் சொல்ல மட்டக்களப்பு வாவியே போதும்.

வாவியின் கிழக்குப் பக்கம் எழுவான்கரை; மேற்குப் பக்கம் படுவான்கரை. போதனா வைத்தியசாலையும் கச்சேரியும் பெரிய பாடசாலைகளும் ஒரு கரையில். வயலும் மாட்டுப்பட்டியும் பரந்த கிராமங்களும் மறுகரையில். இடையே வாவியைக் கடந்து ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு நம் மக்கள் இட்ட பெயர் 'பாதை'. அழகான பெயர்தான். ஆனால், துறையின் சேற்றில் இறங்கி, தண்ணீரில் ஆடும் தட்டின் விளிம்பில் காலெடுத்து வைக்கக்கூடியவர்களுக்கே அது பாதையாக இருந்தது. ஊன்றுகோலோடு வந்தவர் பிறர் தோளில் ஏற வேண்டியிருந்தது. எத்தனை பேர் அந்த வெட்கத்துக்கு அஞ்சிக் கிளினிக்குக்குப் போகாமலே இருந்துவிட்டனரோ!

2014 ஏப்ரலில் மண்முனைத்துறையில் பாலம் திறக்கப்பட்டது. மறுநாளே, கால் இழந்த ஒருவர் தமது வாசலில் முச்சக்கரவண்டியில் ஏறி மறுகரையில் இறங்கக்கூடியதாயிற்று. அவருடைய உடலில் எதுவும் மாறவில்லை. எவரும் அவர்மீது கைவைத்துச் செபிக்கவுமில்லை. நேற்று வரை வாவியைக் கடக்க இயலாதவர் என்று அழைக்கப்பட்டவர், இன்று எல்லோரையும் போல ஒரு பயணி. அப்படியானால் இயலாமை அவருடைய காலில் இருந்ததா, துறையில் இருந்ததா?

பாலம் கட்டியது அவர்களுக்காக அன்று என்று எவரேனும் கூறலாம். உண்மைதான். எல்லோருக்காகவும் கட்டப்பட்டது, அதனாலேயே அவர்களுக்கும் பயன்பட்டது. படிகள் இல்லாத வாசலும் அப்படித்தான். முதலில் நன்றி சொல்வது முழங்கால் நோயுள்ள பாட்டியும் கைக்குழந்தையோடு வரும் தாயுமாகவே இருப்பர்.

நமது மாவட்டத்தில் இது சிறுபான்மையினரின் விவகாரமன்று. பல்லாண்டு யுத்தம், 2004 டிசம்பர் 26இல் நாவலடியையும் கல்லடியையும் வாரிச்சென்ற ஆழிப்பேரலை, 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை உயிர்களை மட்டும் கொண்டுசெல்லவில்லை. கண்ணையும் காலையும் செவியையும் கொண்டுசென்றன. இவற்றோடு, எந்தச் செய்தியிலும் இடம்பெறாத பிறவிக் குறைபாடுகளும், நீரிழிவினால் கால் அகற்றப்பட்டோரும், முதுமையில் பார்வை மங்கியோரும் உள்ளனர். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் 8.7 சதவீதத்தினர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றுள் ஏதேனுமொன்றில் இடர்ப்படுவோர். இருநூறு பேர் கூடும் ஞாயிறு திருப்பலியில் பதினேழு பேராவது அத்தகையோராய் இருக்க வேண்டும். உங்கள் ஆலயத்தில் எத்தனை பேரைக் காண்கிறீர்கள்? காணாதவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. அரச துறை வெற்றிடங்களில் மூன்று சதவீதத்தைத் தகைமையுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்குமாறு பொது நிர்வாகச் சுற்றறிக்கை 1988இலேயே வெளிவந்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வேலையிலும் கல்வி நிறுவன அனுமதியிலும் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. பொதுக் கட்டடங்களுக்குள் எவரும் தடையின்றிச் செல்லக்கூடிய வசதிகள் பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளியாயின. ஐக்கிய நாடுகளின் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது.

இவ்வளவும் தாளில் இருந்தபோது, அதைத் தெருவுக்குக் கொண்டுவர ஒருவர் நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது. கலாநிதி அஜித் பெரேரா இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த அவரது காரின்மீது வீதியோர மரமொன்று சாய்ந்தது. அதன்பின் அவர் வாழ்ந்த காலமெல்லாம் சக்கர நாற்காலியில். எவரிடமும் அனுதாபம் வேண்டாமல் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டடங்கள் அவ்வொழுங்குவிதிகளைக் கடைப்பிடித்தேயாக வேண்டும் என்ற கட்டளையை 2011 ஏப்ரலில் பெற்றார். 2020இல் அவர் காலமானார். அவர் கேட்டது சலுகை அல்ல. எல்லோரும் நுழையும் வாசலால் தாமும் நுழையும் உரிமை.

நம் ஆலயங்களின் நிலை என்ன? பழைய ஆலயங்கள் வெள்ளத்துக்கு அஞ்சி உயர்ந்த அத்திவாரத்தில் எழுப்பப்பட்டவை. அதற்குக் காரணம் உண்டு. அண்மையில் கட்டிய மண்டபங்களுக்கும் பளிங்குக் கல் பதித்த ஐந்து படிகள் எதற்கு என்பதுதான் விளங்கவில்லை. சாய்தளம் அமைத்த இடங்களிலும் பெயருக்கு அமைத்திருப்பதையே காண்கிறோம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. ஆறு அங்குலப் படிகள் மூன்று இருந்தால் மொத்த உயரம் ஒன்றரை அடி. சாய்தளம் பதினெட்டு அடி நீண்டிருக்க வேண்டும். ஐந்தடியில் முடித்தால் நாற்காலியைத் தள்ளுபவருக்கு மூச்சு வாங்கும். இறங்கும்போது அமர்ந்திருப்பவர் முன்னே சரிவார். கைபிடி வேண்டும், வழுக்காத தரை வேண்டும், உச்சியில் நாற்காலி திரும்புவதற்குச் சமதளம் வேண்டும். மணற்பாங்கான நமது வளவுகளில் வீதியிலிருந்து சாய்தளம் வரை கல் பதித்த வழியும் வேண்டும். இல்லாவிடில் சில்லுகள் மணலில் புதைந்து, சாய்தளம் கண்காட்சிப் பொருளாய் நிற்கும். கொத்தனாருக்கு இவை கடினமான வேலையல்ல. சக்கர நாற்காலி பாவிக்கும் ஒருவரை வேலை தொடங்கும் முன்பே அழைத்துக் கேட்டால், பிறகு உடைத்துக் கட்டும் செலவும் மிஞ்சும்.

திருச்சபையின் போதனை இதில் தெளிவானது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007இல் நற்கருணை பற்றி வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில், ஆலயங்கள் மாற்றுத்திறனாளிகள் எளிதில் வரக்கூடியவாறு அமைய வேண்டும் என்றார். அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் திருமுழுக்கும் உறுதிப்பூசுதலும் பெற்றிருந்தால், இயன்ற போதெல்லாம் நற்கருணை வழங்கப்பட வேண்டும் என்றும், தம்மோடு வரும் குடும்பத்தின், சமூகத்தின் விசுவாசத்திலும் அவர்கள் அதைப் பெறுகிறார்கள் என்றும் கூறினார். "பிள்ளைக்கு விளங்காது" என்று முதல் நன்மை வகுப்பிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் இதைத் தம் பங்குத்தந்தையிடம் பணிவோடு நினைவூட்டலாம். நற்கருணையை முழுமையாக விளங்கிக்கொண்டு வரிசையில் நிற்பவர் நம்முள் யார்?

கிறிஸ்தவர்கள் இத்துறையில் பின்தங்கியிருந்தவர்கள் என்று சொல்ல முடியாது. செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கு இந்நாட்டில் 1912இல் பாடசாலை தொடங்கியவர் மேரி சப்மன் என்ற மறைப்பணிப் பெண்மணி. அப்பாடசாலை பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. அங்லிக்கன் திருச்சபையினர் கைதடியில் நபீல்ட் பாடசாலையை அமைத்தனர். கத்தோலிக்க அருட்சகோதரிகள் இல்லங்களில் ஆற்றிவரும் பணியை நாம் அறிவோம். ஆயினும், பராமரிப்பது ஒன்று. பக்கத்தில் இடங்கொடுப்பது மற்றொன்று. முதலாவதில் நாம் கெட்டிக்காரர்கள். டிசம்பர் 3ஆம் திகதி வந்தால் மேடை போடுகிறோம். பிரமுகர்களுக்கு மாலை சூட்டுகிறோம். மாற்றுத்திறனாளிகளை வெயிலில் வரிசையாய் இருத்திப் பொதிகள் வழங்கிப் படமெடுக்கிறோம். மேடையில் அவர்களுள் ஒருவருக்குக் கதிரை இருப்பதில்லை. இருந்தாலும் மேடைக்கு ஏற வழி இருப்பதில்லை.

நாட்டில் காற்று மெல்லத் திசை மாறுகிறது. 2024 நவம்பரில் தேசியப் பட்டியல் மூலம் சுகத் வசந்த டி சில்வா பாராளுமன்றம் சென்றார். அம்மன்றத்தின் முதலாவது பார்வையற்ற உறுப்பினர் அவர். தமிழகச் சட்டமன்றம், உள்ளூராட்சி மன்றங்கள் எல்லாவற்றிலும் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழிசெய்யும் சட்டத்திருத்தங்களை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. அவர்களுக்காகப் பேசுவோர் அல்லர், அவர்களே மன்றில் அமர்வார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே முதல் சக்கர நாற்காலியில் உலகின்முன் தோன்றியபோது, தலைமைப் பணிக்குக் கால்கள் இன்றியமையாதவை அல்ல என்பதைக் கத்தோலிக்கப் பிள்ளைகள் தொலைக்காட்சியிலேயே கண்டனர்.

நமது பங்கு மேய்ப்புப்பணிச் சபைகளில் இளையோர் பிரதிநிதி உண்டு. அன்னையர் பிரதிநிதி உண்டு. மாற்றுத்திறனாளி ஒருவர் உண்டா? வாசகம் வாசிக்கப் பிரெயில் எழுத்தறிந்த ஒருவரை அழைத்ததுண்டா? விரல் நுனியால் படித்துப் பல்கலைக்கழகம் வரை சென்றவர்கள் கிழக்கிலும் இருக்கிறார்கள். திருப்பலியில் மறையுரையைச் சைகை மொழியில் பெயர்த்துச் சொல்ல நம் இளையோருள் இருவரையாவது பயிற்றுவித்ததுண்டா? மறைக்கல்வி வகுப்பில் அப்பிள்ளையைத் தனியே இருத்தாமல், மற்றப் பிள்ளைகளின் வாங்கிலேயே இருத்தியதுண்டா?

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. உங்கள் தியாகத்தைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. நாம் இல்லாத காலத்தில் இப்பிள்ளையின் கதி என்ன என்ற கேள்வியோடு இரவுகளைக் கழிக்கிறீர்கள். அதனாலேயே, நீங்கள் இருக்கும்போதே பிள்ளை தன் வாயால் தன் பெயரைச் சொல்லட்டும். அடையாள அட்டை எடுத்துக் கொடுங்கள்; வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உதவியாளர் ஒருவரோடு சென்று வாக்களிக்க 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தேர்தல்கள் சட்டம் இடமளிக்கிறது. கிராம உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தால் மகனையும் முன் விறாந்தைக்கு அழைத்து இருத்துங்கள். அவர் உங்களிடம் கேட்கும் கேள்வியை மகனின் பக்கம் திருப்பிவிடுங்கள்.

ஆயித்தியமலை அன்னையின் திருவிழாவுக்குத் தண்ணீர், பந்தல், பேருந்து பற்றிப் பேசுவதற்கு ஆண்டுதோறும் கூட்டங்கள் நடைபெறுவது வழக்கம். அடுத்த கூட்டத்துக்கு, அன்னையிடம் போக விரும்பியும் வீட்டிலேயே இருந்துவிட்ட ஒருவரை உங்கள் பங்கிலிருந்து அழைத்துச் செல்லுங்கள். பேருந்தின் படி எவ்வளவு உயரம், மலசலகூடத்தின் கதவு எவ்வளவு அகலம், கூட்ட நெரிசலில் எங்கே நிற்பது என்று அவர் கேட்பார். குறிப்பெடுப்பவர் அவற்றையும் எழுதிக்கொள்ளட்டும்.