உங்களுக்குத் தெரியுமா? ரோபோவுக்கு எந்த போர்டு?

ஜெலாப்பாங், தாமான் மேரு தொழிற்பேட்டை வழியாகத் தினமும் போய்வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 1972 முதல் ஈப்போவில் இயங்கும் கார்செம் நிறுவனத்தின் சிப் ஆலை ஒன்று அங்கேதான் இருக்கிறது. சிலிக்கான் வட்டைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் உலோகச் சட்டத்தில் ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளால் இணைத்து, கருப்புப் பிசினால் மூடிச் சோதித்து அனுப்புவது இந்தத் தொழில். வெளியே கால் நீட்டாத தட்டையான பொதிகளுக்குப் பெயர் பெற்ற ஆலை இது. ரோபோவின் மூளையாக இயங்கும் ராஸ்பெரி பை பிக்கோ போர்டின் நடுவே உள்ள 7 மில்லிமீட்டர் சதுரச் சிப்பும் அதே வகைப் பொதிதான். ரோபோ என்றால் எங்கோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

வேகம் கூடிய போர்டுதான் நல்ல போர்டா? ஆர்டுயினோ ஊனோ ஆர்3-இன் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். ஈஎஸ்பி32 போர்டுக்கோ 240. ஆனால் கருப்புக் கோட்டைப் பின்தொடரும் ரோபோ, விநாடிக்கு நூறு முறை கோட்டைப் பார்த்தாலே ஒழுங்காக ஓடும். ஒரு பார்வைக்கும் அடுத்ததற்கும் இடையில் ஊனோவிடம் 160,000 துடிப்புகள் இருக்கின்றன. அதற்கு மேல் காசு கொட்ட வேண்டியதில்லை.

போர்டு வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது மோட்டாரைப் பற்றித்தான். ஊனோ ஆர்3-இன் ஒரு பின் (இணைப்பு முனை) நிம்மதியாகத் தரக்கூடிய மின்னோட்டம் 20 மில்லிஆம்பியர். 40-ஐத் தாண்டினால் சிப்புக்கே ஆபத்து. கடைகளில் கிடைக்கும் மஞ்சள் கியர் மோட்டார், சக்கரம் சிக்கி நின்றுவிட்டால் ஓர் ஆம்பியர் வரைகூட இழுக்கும். அதனால் எந்த போர்டாக இருந்தாலும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்குத் தரும் மோட்டார் டிரைவர் கட்டாயம். எங்கும் மலிவாகக் கிடைக்கும் எல்298என் டிரைவர் பழைய தலைமுறை. வரும் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய 2 வோல்ட்டை வெப்பமாகவே தொலைத்துவிடும். 6 வோல்ட் பேட்டரி போட்டால் மோட்டாருக்குப் போய்ச் சேருவது 4 தான். சின்ன ரோபோவுக்கு டிஆர்வி8833 அல்லது டிபி6612 வாங்கிக் கொடுங்கள். போர்டில் மிச்சம் பிடித்த காசை இங்கே செலவழித்தால் ரோபோ உண்மையிலேயே ஓடும்.

சதுரமான 9 வோல்ட் பேட்டரியால் மோட்டார் ஓட்டாதீர்கள். அதனால் வேண்டிய மின்னோட்டத்தைத் தர முடியாது. மோட்டார் கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து போர்டு தானாக மறுபடி தொடங்கும். பிள்ளை தன் புரோகிராமில்தான் பிழை என்று நினைத்து மணிக்கணக்காகத் தேடும். ரீசார்ஜ் செய்யக்கூடிய ஏஏ பேட்டரி நான்கு (4.8 வோல்ட்) எவ்வளவோ மேல்.

ஊனோ 5 வோல்ட் உலகம். பிக்கோவும் ஈஎஸ்பி32-உம் 3.3 வோல்ட் உலகம். இரண்டு கண் போலிருக்கும் எச்.சி-எஸ்ஆர்04 தூர உணரி, பதிலை 5 வோல்ட்டில் அனுப்பும். அதை அப்படியே பிக்கோவில் செருகினால் பின் பழுதாகலாம். 1 கிலோஓம், 2 கிலோஓம் என இரண்டு ரெசிஸ்டர்கள் போதும்; 5 வோல்ட் 3.3 ஆக இறங்கிவிடும். பள்ளிப் பெட்டியில் பழைய 5 வோல்ட் உணரிகள் நிறைய இருந்தால் ஊனோவே எடுங்கள்.

பெயர் ஊனோ, குணம் வேறு: 2023-இல் வந்த ஊனோ ஆர்4 வேகத்திலும் நினைவகத்திலும் ஆர்3-ஐ மிஞ்சுகிறது. ஆனால் அதன் ஒரு பின் தாங்குவது 8 மில்லிஆம்பியர் மட்டுமே. ஆர்3-க்காக எழுதிய பாடத்தைப் பார்த்து நேரடியாக எல்இடி கோர்ப்பவர்கள் ரெசிஸ்டரின் அளவை மாற்ற வேண்டும்.

ஆர்3-இல் சிப் நீளமாக, சாக்கெட்டில் உட்கார்ந்திருந்தால் விட்டுவிடாதீர்கள். கருகினால் சிப்பை மட்டும் பிடுங்கி மாற்றலாம். பூட்லோடர் (புரோகிராமை ஏற்ற உதவும் மென்பொருள்) ஏற்றிய சிப்பாகக் கேட்டு வாங்குங்கள். வகுப்பறைக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை.

ராஸ்பெரி பை வேறு, ராஸ்பெரி பை பிக்கோ வேறு. முன்னது லினக்ஸ் ஓடும் கணினி; சட்டென்று மின்சாரத்தைத் துண்டித்தால் மெமரி கார்டு கெடலாம். 2021-இல் 4 அமெரிக்க டாலருக்கு வந்த பிக்கோ மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. சுவிட்ச் போட்டதும் வேலையைத் தொடங்கும், எப்போது வேண்டுமானாலும் அணைக்கலாம்.

வைஃபை வேண்டுமென்றால் ஈஎஸ்பி32. ஒரே எச்சரிக்கை: வைஃபை ஓடும்போது அதன் இரண்டாம் அனலாக் தொகுதியின் பின்களில் உணரியை நம்பிச் செருகாதீர்கள்.

நம் நாட்டிலேயே பினாங்கில் இருக்கும் சைட்ரான் நிறுவனத்தின் மேக்கர் ஊனோவில், டிஜிட்டல் பின்களுக்கு எல்இடி விளக்குகள் உண்டு. எந்த பின் வேலை செய்கிறது என்பது மீட்டர் இல்லாமலே கண்ணுக்குத் தெரியும். அதே நிறுவனத்தின் மேக்கர் பை ஆர்பி2040 போர்டில் இரண்டு மோட்டாருக்கான டிரைவரும் நான்கு செர்வோ இணைப்புகளும் கூடவே வருகின்றன. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு முதல் ரோபோ கட்டித் தர நினைப்பவருக்கு என் தேர்வு இதுதான்: கோர்க்க வேண்டிய வயர் குறைவு, தவறாகக் கோர்க்கும் வாய்ப்பும் குறைவு.