சதுரங்கமும் பொறுமையும்

தாக்குதலே வீரம், காத்தல் அச்சத்தின்பாற்பட்டது எனக் கருதுவோர் உளர். சதுரங்கத்தின்கண் இக்கருத்துப் பொருந்தாது. 1963 முதல் 1969 வரை உலக வெற்றிவீரராக விளங்கிய பெற்றோசியன், எதிரியின் திட்டம் உருப்பெறு முன்னரே அதனைத் தடுப்பதில் வல்லவர்.

எனினும், வாளா காத்திருத்தல் வேறு. விழிப்புடன் காத்திருத்தல் வேறு. 2024 டிசம்பர் 12ஆந் திகதி சிங்கப்பூரில் நிகழ்ந்த உலகப் போட்டியின் பதினான்காம் ஆட்டம், இறுதியாட்டம், இதற்குச் சான்றாகும். சீனரான டிங் லிரெனும் சென்னை இளைஞர் குகேஷும் அதுவரை சமபுள்ளிகள் பெற்றிருந்தனர். வெள்ளைக் காய்களுடன் ஆடிய டிங் சமநிலையையே நாடினார். குகேஷிடம் ஒரு காலாள் மட்டுமே மிகுதி. அது வெற்றிக்குப் போதாது. ஆயினும் அவர் ஆட்டத்தை விடாது நீட்டி, நகர்த்தல்தோறும் எதிரிக்கு ஒரு வினாவை விடுத்தார்.

55ஆம் நகர்த்தலில் டிங் தம் கோட்டையைப் பிழையான கட்டத்தில் வைத்தார். கோட்டைகள் ஒன்றையொன்று வெட்டி நீங்கின. மூலைவிட்டமாகச் செல்லும் மந்திரிக்கு மூலைக் கட்டத்தில் ஒரே வழியே உண்டு. அங்கு நின்ற டிங்கின் மந்திரியை, அவ்வழியில் தம் மந்திரியை நிறுத்திக் குகேஷ் மடக்கினார். மந்திரிகளும் நீங்கவே, போதாதிருந்த அக்காலாளே வெற்றி தந்தது. 58ஆம் நகர்த்தலோடு டிங் தோல்வியை ஏற்றார். குகேஷ் 18 வயதில் உலக வெற்றிவீரரானார்.

டிங் காத்திருந்தது ஆட்டத்தின் முடிவுக்கு. குகேஷ் காத்திருந்தது பிழைக்கு. காலமறிதலை விளக்கிய வள்ளுவர் கொக்கை உவமை காட்டியதும் இதுபற்றியே. குளக்கரையில் ஒடுங்கி நிற்குங் கொக்கு உறங்குவதில்லை.