பதினோராம் மணியின் கூலி



மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில் இயேசு கூறும் உவமையொன்று பலரையும் மலைக்க வைப்பது. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் ஒரு தெனாரியம் கூலி பேசி ஆட்களை அமர்த்துகிறார். பொழுதுசாய ஒரு மணிநேரம் இருக்கையிலும் சிலரை அழைக்கிறார். மாலையில் எல்லோருக்கும் அதே ஒரு தெனாரியம்! வெயிலிற் காய்ந்தவர்கள் முறுமுறுக்கின்றனர்.

இது நீதியா? முந்தியோருக்குப் பேசிய கூலியிற் சதமும் குறையவில்லை. தெனாரியம் அக்காலத்தில் ஒருநாட் கூலி. அதிற் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொண்டு அடுப்பெரிக்க முடியாது. பிந்தியோர் சோம்பேறிகளுமல்லர், அவர்களை எவரும் அழைக்கவில்லை. முந்தியோர் கூலி பேசி வந்தனர். பிந்தியோர் பேசாமலே நம்பி வந்தனர். விசுவாசம் என்பது இதுவே.

கூலி கொடுத்த ஒழுங்கையும் கவனியுங்கள். பிந்தியோருக்கே முதலிற் கொடுக்கப்படுகிறது. மாறிக் கொடுத்திருந்தால் முந்தியோர் மகிழ்ந்தே வீடு சென்றிருப்பர். பிறர் கையைப் பார்த்த பின்னரே தம் கையிலிருந்தது சிறுத்தது. தோட்டக்காரரின் இறுதிக் கேள்வி, கிரேக்க மூலத்தில், பொல்லாத கண்ணையே சுட்டுகிறது. நமது 'கண்ணூறு' இதற்கு அயலன்று.

தமிழாசிரியனாகிய எனக்கு இங்கே திருக்குறள் நினைவுக்கு வருகிறது. வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார். அன்பு தொடர்புடையார்மேற் செல்வது; அருள் தொடர்பு நோக்காதது என்பது பரிமேலழகர் விளக்கம். கிறிஸ்தவர் கூறும் கிருபையோ தகுதியையும் நோக்காதது.

விடியலில் வந்தவராக நின்று கேட்டால் இவ்வுவமை கசக்கும். பதினோராம் மணிவரை அழைப்பாரின்றி நின்றவராகக் கேட்டுப் பாருங்கள். அந்தத் தெனாரியத்தின் அருமை விளங்கும்.