விழுப்புண்ணும் டம்டம் குண்டும்

மார்பிலும் முகத்திலும் பட்ட காயத்தை விழுப்புண் எனப் போற்றியது பண்டைத் தமிழ் மரபு. வெண்ணிப் போரிலே கரிகாலனால் முதுகிற் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன், அதற்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான். புண்ணுக்கும் ஓர் அறம் உண்டென்று கருதிய காலம் அது. துப்பாக்கி, நம் கரையோரத்தார் வழக்கில் துவக்கு, தோன்றிய பின்னர் அவ்வறம் என்னாயிற்று? இதற்கு விடை பகரக் கல்கத்தாவை அடுத்த டம்டம் என்னும் ஓரூரே போதும்.

அவ்வூர் வரலாற்றில் இருமுறை பேசப்படுகின்றது. 1857 சனவரியில், என்பீல்டு துப்பாக்கித் தோட்டாவிற் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் பூசப்பட்டுள்ளன என்னும் செய்தி அங்கிருந்தே பரவிச் சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்தது. வரலாறு அக்கொழுப்பை நினைவிற் கொண்டது. தோட்டாவினுள் இருந்த குண்டை மறந்தது. பிரெஞ்சுப் படை அலுவலர் மினியே வகுத்த முறையில் அமைந்த அம்மெல்லிய ஈயக் குண்டு, உடலிற் பட்டதும் தட்டையாகி எலும்பை நொறுக்கும். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் அத்தகைய குண்டுகளால் கை கால் இழந்தோர் பல்லாயிரவர்.

பின்னர்ப் புகையில்லா வெடிமருந்து வந்தது. மிகு விரைவிற் செல்லும் ஈயம் குழலினுட் படியுமாதலின், அதனைக் கடினமான உலோக உறையால் மூடினர். 7.7 மில்லிமீற்றர் அளவினதாகிய பிரித்தானியக் குண்டு இவ்வகையினது. சிறு துளையிட்டு உடலை ஊடுருவிச் சென்ற அது பகைவனை உடனே வீழ்த்தவில்லை என்று, 1895இல் சித்ரால் போரிற் சென்ற படையினர் குறைகூறினர். டம்டம் படைக்கலச் சாலையிற் பணியாற்றிய கப்டன் பெர்ட்டி கிளே, குண்டின் நுனியில் உறையை நீக்கி ஈயத்தை வெளிப்படச் செய்தார். தசையிற் புகுந்ததும் அது காளான்போல் விரிந்து பெருங்காயம் செய்தது.

1899இல் கேக் நகரில் உலக நாடுகள் கூடி, இவ்வாறு விரியும் குண்டுகளை விலக்கின. நாகரிக நாட்டு வீரன் குண்டு பட்டால் ஒதுங்குவான், காட்டு மனிதனோ மேலும் பாய்ந்து வருவான் என வாதிட்டார் பிரித்தானியப் பிரதிநிதி சேர் யோன் ஆர்டா. அவர் நாடு 1907 வரை இவ்வுடன்பாட்டை ஏற்கவில்லை. உடன்பாடுதானும் ஒப்பிய நாடுகளுக்கிடையே நிகழும் போருக்கே உரியது. எல்லைப்புறக் குடிகள் அதன் நிழலில் நிற்க இடமில்லை. எலும்பும் குருதியும் எல்லார்க்கும் ஒன்றே என்பதை அறமன்றோ முதலிற் கூறியிருத்தல் வேண்டும்?

விலக்கு வந்தது, புண் சிறுத்ததா? 1910இல் பிரித்தானியர் கூர்நுனிக் குண்டொன்றைக் கைக்கொண்டனர். உறை முழுமையானதே. ஆயின் உள்ளே நுனிப்பகுதியில் இலேசான அலுமினியமும், பின்பகுதியிற் பாரமான ஈயமும் இருந்தன. பின்பாரம் மிக்க அது தசையினுள்ளே புரண்டு பெரும்புண் விளைத்தது. சட்டம் குண்டின் மேனியைப் பார்த்தது. அது செய்யும் புண்ணைப் பார்க்கவில்லை.

2009 வரை நீண்ட போரில் துவக்கொலி கேட்டு வளர்ந்த கரை நம்முடையது. அந்நாளிற் பட்ட புண்களைச் சுமந்து வாழ்வோர் இன்றும் நம்மிடையே உளர். அவர்கள் வடுவை எப்பெயரால் அழைப்பது? விழுப்புண் என்னும் சொல்லை வகுப்பிற் கற்பிக்குந்தோறும் மாணவர் முகத்தை நோக்குகின்றேன். வீரம் என்று வாய் நிறையச் சொல்லுமுன், புண் பட்டவன் யார் என்று கேட்கவும் அவர்கள் கற்க வேண்டும்.