கடன் முடிந்த பின்னும் ஓடும் வண்டி: சங்கிலியைக் கவனிப்போம்

இருசக்கர வாகனக் கடனின் இறுதித் தவணை செலுத்தப்பட்டு, பதிவுச் சான்றிதழிலிருந்து வங்கியின் பெயர் நீக்கப்பட்ட பின்னரும் வண்டி நமக்காகப் பல ஆண்டுகள் உழைக்கிறது. 50,000 கிலோமீட்டரைக் கடந்த வண்டிக்கும் எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறோம். ஆனால் எஞ்சினின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் சங்கிலியையும் பற்சக்கரங்களையும் மறந்துவிடுகிறோம். ஓட்டத்தின்போது சங்கிலி அறுந்தால், அது சுருண்டு பின்சக்கரத்தைப் பூட்டிவிடக்கூடும். எஞ்சின் உறையையும் உடைக்கக்கூடும்.

சங்கிலி 'நீண்டுவிட்டது' என்கிறோம். உண்மையில் இரும்புத் தகடுகள் நீள்வதில்லை. கண்ணிகளை இணைக்கும் ஊசிகளும் அவற்றைச் சூழ்ந்த புஷ்களும் தேய்கின்றன. ஒவ்வொரு கண்ணியிலும் ஏற்படும் சிறு இடைவெளி சேர்ந்தே தொய்வாகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

எஞ்சினை நிறுத்தி, வண்டியை நியூட்ரலில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

1. கீழ்ப்புறச் சங்கிலியின் நடுப்பகுதியை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அன்றாடப் பயன்பாட்டு வண்டிகள் பலவற்றில் 20 முதல் 30 மி.மீ. வரை அசைவு இருக்கலாம். உங்கள் வண்டிக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். சக்கரத்தைக் கையால் சிறிது சிறிதாகச் சுழற்றிப் பல இடங்களில் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கமும் மற்றோரிடத்தில் தொய்வும் மிகுதியாகத் தென்பட்டால் தேய்மானம் சீரற்றது. இறுக்குவதால் அது தீராது.

2. பின் பற்சக்கரத்தின் பின்விளிம்பில் சங்கிலியைப் பின்னோக்கி இழுங்கள். பல்லின் பாதி வெளியே தெரிந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

3. பற்கள் கூர்ந்தோ, ஒருபுறம் கொக்கிபோல் வளைந்தோ இருந்தால் தயக்கம் வேண்டாம்.

4. கண்ணி இடைவெளி 12.7 மி.மீ. கொண்ட சங்கிலியில் 20 இடைவெளிகளின் நீளம் 254 மி.மீ. தொய்வின்றி இழுத்துப் பிடித்து அளக்கும்போது 259 மி.மீ.யைத் தொட்டால், தேய்மானம் 2 சதவீதம். அச்சங்கிலியை மாற்றியே ஆகவேண்டும். சில கையேடுகள் இதனினும் குறைந்த வரம்பை விதிக்கின்றன.

மாற்றும்போது

சங்கிலியை மட்டும் மாற்றுவது சிக்கனமன்று. தேய்ந்த பற்கள் புதிய சங்கிலியை விரைவில் கெடுக்கும். எனவே சங்கிலி, முன் பற்சக்கரம், பின் பற்சக்கரம் மூன்றையும் ஒரே செட்டாக, பழைய பல் எண்ணிக்கையிலேயே மாற்றுங்கள். இணைப்புக் கிளிப்பின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருக்கிறதா, சக்கரத்தின் இருபுறக் குறிகளும் ஒத்திருக்கின்றனவா, பின் பிரேக் சரிசெய்யப்பட்டதா என்பவற்றைப் பார்த்தே வண்டியைப் பெறுங்கள். பின்சக்கர ஹப்பிலுள்ள ரப்பர்களையும் அப்போதே சோதிக்கச் சொல்லுங்கள். ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது எஞ்சின் சத்தம் உயர்ந்தும் வேகம் கூடவில்லையெனில், கிளட்ச் தட்டுகளும் தேய்ந்திருக்கலாம்.

செலவுக்கு முன்னேற்பாடு

வாகனக் காப்பீடு விபத்துச் சேதத்துக்கு உரியது. இயல்பான தேய்மானத்துக்கும் இயந்திரப் பழுதுக்கும் அது இழப்பீடு தருவதில்லை. மேலும், சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவை 15 ஆண்டுகளுக்குப் பின் புதுப்பிக்க, அது தகுதிச் சோதனையில் தேறவேண்டும். ஆகவே இச்செலவு நம்முடையதே. கடன் தவணை முடிந்த மாதத்திலிருந்தே அத்தொகையின் ஒரு சிறு பகுதியைத் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தி வந்தால், மெக்கானிக் 'மாற்றவேண்டும்' என்னும் நாளில் 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று சொல்ல நேராது. அந்த ஒரு மாதத் தாமதமே சில வேளைகளில் பேரிழப்பாகிவிடுகிறது.