கழற்றிவிடப்பட்டவர் கட்டிய அணி!

1960 குளிர்கால ஒலிம்பிக். ஐஸ் ஹாக்கியில் தங்கம் வென்றது அமெரிக்கா. அந்த அணியிலிருந்து கடைசி ஆளாக நீக்கப்பட்டவர் ஹெர்ப் ப்ரூக்ஸ். 20 ஆண்டுகள் கழித்து, அதே நாட்டு அணிக்கு அவரே பயிற்சியாளர்!

எதிரே சோவியத் யூனியன். 1964 முதல் தொடர்ந்து நான்கு தங்கம் வென்ற அணி. ப்ரூக்ஸ் கையில் இருந்ததோ பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள். பெரிய பெயர்களை மட்டும் பார்க்காமல், வேகமாகச் சறுக்குபவர்களை, சேர்ந்து ஆடத் தெரிந்தவர்களைத் தேடினார். மனப்பாங்கை அறிய 300 கேள்விகளுடன் எழுத்துத் தேர்வும் வைத்தார்.

மினசோட்டா பையன்களுக்கும் பாஸ்டன் பையன்களுக்கும் ஏழாம் பொருத்தம். அவர்களை ஒன்றுசேர்க்க, ப்ரூக்ஸ் தன்னையே வில்லனாக்கிக்கொண்டார். நார்வேயுடன் ஆட்டம் 3-3 என டிரா ஆன இரவு, ரசிகர்கள் கலைந்த பிறகும் வீரர்களைப் பனித்தளத்தில் விரட்டினார். விளக்குகள் அணைந்தபோதும் ஓட்டம் நிற்கவில்லை.

20 பேர் பட்டியலுக்காக, கடைசியாக ஒருவரை நீக்கியாக வேண்டும். அந்த வலி தெரிந்தவரே அதையும் செய்தார்.

ஒலிம்பிக்குக்குச் சில நாள்கள் முன்பு, சோவியத்திடம் 10-3 எனப் படுதோல்வி. ஆனால் 1980 பிப்ரவரி 22 அன்று, லேக் பிளாசிடில் 4-3 என வென்றது அமெரிக்கா! இரண்டு நாள் கழித்து பின்லாந்தை 4-2 என வீழ்த்த, தங்கம் கைக்கு வந்தது.

பதக்க மேடையில் கேப்டன் மைக் எருசியோனி மட்டும் நின்றார். தேசிய கீதம் முடிந்ததும் கைகாட்டி அழைத்தார். அந்தச் சின்ன மேடையில் மொத்த அணியும் முண்டியடித்து ஏறியது!