இரு கள்ளிகள்

குழந்தைகளே! சித்தூர், திருப்பதி வட்டாரத்து வறண்ட நிலங்களில் நாம் இருவகைக் கள்ளிகளைக் காண்கிறோம். நீர் தேக்கிய பச்சைத் தண்டும் முள்ளும் இரண்டுக்கும் உண்டு. ஆயினும் அவை நெருங்கிய உறவின அல்ல. சதுரக்கள்ளி நம் நாட்டது. ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து மனிதரால் கொண்டுவரப்பட்டது.

இடையே கடல் கிடக்க, இவ்வொற்றுமை எங்ஙனம் வந்தது? அகன்ற இலை நீரை ஆவியாக இழக்கும். வறண்ட நிலத்தில், தலைமுறைதோறும் நீரைக் காத்த செடிகளே மிகுதியாகப் பிழைத்து விதை ஈன்றன. இலை சிறுத்தது, தண்டு பருத்தது. கடலுக்கு இருபுறமும் தனித்தனியே நிகழ்ந்த பரிணாமம் இது.

சதுரக்கள்ளியை ஒடித்தால் பால் வடியும், சப்பாத்திக்கள்ளியில் வடியாது. அந்தப் பால் கண்ணிற்பட்டால் பெருந்தீங்கு விளையும். ஆதலின் ஒடித்துப் பார்த்தல் வேண்டா, படித்தறிதலே போதும்.